கேளுங்கள், சொல்கிறோம்: மின்பாதை வேலையை யாரிடம் கொடுப்பது?

உயர்அழுத்த இணைப்பு, கம்பம் நடுதல், லைன் இழுத்தல் பற்றி வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளாக்கிப் பதில் தருகிறோம்.

எங்கள் நூற்பாலைக்கு 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு 11 கேவி (11,000 வோல்ட்) லைன் இழுக்க வேண்டும். மேற்பார்வைக் கட்டணம் கட்டிவிட்டு வேலையை நாங்களே ஆள் வைத்துச் செய்துகொள்ள மின்வாரியத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டோம். மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. மூன்றும் மொத்தத் தொகை மட்டும்தான், விலையில் பெரிய இடைவெளி. குறைந்ததை எடுத்துவிடலாமா?
– நூற்பாலை உரிமையாளர், தாராபுரம்

மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொத்தத் தொகையை வைத்து மின்பாதை வேலையை ஒப்பிடவே முடியாது. மின்வாரியம் ஒப்புதல் கொடுத்த எஸ்டிமேட்டின் நகலை மூவருக்கும் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு இனத்துக்கும் எண்ணிக்கை, ஒரு விலை, மொத்த விலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தர மறுப்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

எண்ணிக்கை சரிதானா என்று உங்களாலேயே பார்க்க முடியும். 60 மீட்டருக்கு ஒரு கம்பம் என்றால் 1,200 மீட்டருக்கு 20 இடைவெளி, அதாவது 21 இடத்தில் கம்பம் வரும். இரண்டு முனையிலும் இரட்டைக் கம்பம் என்றால் மொத்தம் 23. நடுவில் மூன்று இடத்தில் லைன் திரும்புகிறது என்று வையுங்கள். மீதி 16 கம்பங்களுக்குக் கம்பத்துக்கு மூன்று வீதம், கம்பியைத் தாங்கும் ‘பின்’ வகை இன்சுலேட்டர் 48. திரும்பும் கம்பங்களில் லைனை வெட்டி இரு பக்கமும் கட்டுவதால் ஒவ்வொன்றுக்கும் ஆறு டிஸ்க் இன்சுலேட்டர் செட், முனைகளுக்கு மும்மூன்று, ஆக 24 செட். கம்பி மூன்று பேஸுக்கு 3.6 கிலோமீட்டர். தொய்வுக்கும், வெட்டிய லைனை இணைக்கும் ஜம்பர் துண்டுகளுக்கும் கொஞ்சம் சேர்த்து 3.7 கிலோமீட்டர். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொண்டு கொட்டேஷனைப் படித்தால் எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் கை வைப்பது கம்ப எண்ணிக்கையில்தான். இடைவெளியை 75 மீட்டராக்கினால் 21 இடம் 17 ஆகிவிடும். நான்கு கம்பம், நான்கு குழி, பன்னிரண்டு இன்சுலேட்டர் மிச்சம். ஆனால் தொய்வு, இடைவெளியின் வர்க்கத்தில் ஏறும். ராபிட் என்ற வகைக் கம்பி மீட்டருக்கு 0.214 கிலோ எடை. 300 கிலோ இழுவிசையில் கட்டினால் 60 மீட்டரில் தொய்வு சுமார் 32 சென்டிமீட்டர், 75 மீட்டரில் 50 சென்டிமீட்டர். சித்திரை வெயிலில் கம்பி நீண்டு இது இன்னும் கூடும். தொய்வைக் குறைக்கிறேன் என்று கம்பியை முறுக்கி இழுத்தால் முனைக் கம்பம் சாயும். எஸ்டிமேட்டில் உள்ள இடைவெளியை மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏஇ) ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது கம்பி. எஸ்டிமேட்டில் ராபிட் என்று போட்டிருக்கும், மேலே அதைவிட மெலிந்த வீசல் வகைக் கம்பி ஏறியிருக்கும். இரண்டிலும் ஏழு இழைதான். நடுவில் ஒன்று எஃகு, சுற்றிலும் ஆறு அலுமினியம். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் அனுபவசாலிக்கே சட்டென்று வித்தியாசம் தெரியாது. கம்பி சைட்டுக்கு வந்த அன்றே டிரம்மிலிருந்து சரியாக ஒரு மீட்டர் வெட்டி, கடைத் தராசில் வையுங்கள். ராபிட் 214 கிராம் காட்ட வேண்டும், வீசல் 128 கிராம்தான் காட்டும். வெர்னியர் இருந்தால் ஓர் இழையை அளக்கலாம்: ராபிட்டுக்கு 3.35 மில்லிமீட்டர், வீசலுக்கு 2.59. நடு இழையில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது எஃகு நடு இழையுள்ள அலுமினியக் கம்பியே (ஏசிஎஸ்ஆர்) இல்லை. வெட்டிய துண்டில் தேதியும் டிரம் எண்ணும் எழுதிக் கட்டி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை வித்தியாசத்துக்கு மூன்றாவது காரணம், கொட்டேஷனில் எழுதாமல் விட்டவை. குழியில் பாறை வந்தால் யார் செலவு, நெடுஞ்சாலையைக் கடக்க அனுமதி யார் வாங்குவது, மரம் வெட்டும் கூலி, மின் ஆய்வுத் துறைக்கு வரைபடம் சமர்ப்பிக்கும் வேலை, ஆய்வுக் கட்டணம், அறிவித்த நாளில் மின்தடை கிடைக்காமல் ஆட்கள் சும்மா இருந்தால் அந்தக் கூலி, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா. இந்த ஏழையும் மூவரிடமும் கேட்டு எழுதி வாங்கிய பிறகு பாருங்கள். குறைந்த கொட்டேஷன் பல நேரம் நடுவில் வந்து நிற்கும்.

கான்ட்ராக்டர் லைசென்ஸ் நகல், ஜிஎஸ்டி சான்று, பழைய ஒர்க் ஆர்டர்கள் எல்லாம் கொடுத்துவிட்டார். இதற்கு மேல் அவரைப் பற்றி என்ன விசாரிப்பது?
– கோழிப்பண்ணையாளர், நாமக்கல்

லைசென்ஸை முழுதாகப் படித்தீர்களா? தமிழ்நாட்டில் மின் ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு ஈஎஸ்ஏ, ஈஏ என்று தரங்கள் உண்டு. எந்த மின்னழுத்தம் வரை வேலை எடுக்கலாம் என்பது தரத்தைப் பொறுத்தது. வீட்டு ஒயரிங்குக்கான உரிமத்தைக் காட்டி 11 கேவி வேலை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். புதுப்பித்த தேதி, பெயர், முகவரி ஆகியவை கொட்டேஷனில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில், பில் இன்னொருவர் பெயரில், வேலை மூன்றாமவர் கையில் என்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

அதனால்தான் எங்கள் யோசனை: லைசென்ஸ்காரரை விட, கம்பத்தில் ஏறப்போகும் கேங்கை விசாரியுங்கள். மேற்பார்வையாளர் யார், அவருக்கு சூப்பர்வைசர் தகுதிச் சான்று இருக்கிறதா, வயர்மேன்கள் எத்தனை பேர், அவர்களுடைய தகுதிச் சான்று எண்கள் என்ன என்று பெயர்ப் பட்டியலாக வாங்குங்கள். வேலை நாளில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் ஆட்களைச் சரிபாருங்கள். ஆள் மாறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்து, ஒர்க் ஆர்டர் தாளைப் பார்ப்பதை விட்டு, அவர் போட்ட லைனைப் பார்க்கப் போங்கள். புத்தம் புதியதாகப் பார்க்காதீர்கள், புது லைன் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டிய லைனாகக் கேளுங்கள். லைனின் ஒரு முனைக் கம்பத்துக்குப் பின்னால் நின்று நீளவாக்கில் பாருங்கள். எல்லாக் கம்பமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, மூன்று கம்பிகளும் ஒரே அளவு தொய்கின்றனவா? ஒரு பேஸ் மட்டும் கீழே தொங்கினால் இழுத்துக் கட்டும்போது அவசரம் காட்டியிருக்கிறார்கள். திரும்பும் கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியைத் தொடாமல், தள்ளி நின்று கண்ணால் பாருங்கள்: விறைப்பாக நிற்க வேண்டும். அதில் ஸ்டே இன்சுலேட்டர் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும். இன்சுலேட்டரே இல்லாமல் ஸ்டே கட்டியிருப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மேலே கம்பி அறுந்தோ நழுவியோ ஸ்டேயில் பட்டால், கீழே மாடு கட்டியிருக்கிறவனுக்கும் மாட்டுக்கும் அந்த இன்சுலேட்டர் ஒன்றுதான் காவல். ஜம்பர் இணைப்புகளில் இரு கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் பிஜி கிளாம்ப் போட்டிருக்கிறாரா, வெறுமனே முறுக்கி விட்டிருக்கிறாரா என்பதையும் ஒரு சின்ன பைனாகுலரில் பார்த்துவிடலாம். முறுக்கிய இணைப்பு நாளடைவில் சூடேறி, கறுத்து, ஒரு நாள் அறுந்து விழும்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். தொழிலாளர் நஷ்டஈட்டு பாலிசி, அதாவது டபிள்யூசி பாலிசி, உங்கள் வேலை நடக்கும் தேதிகளையும் ஆட்களின் எண்ணிக்கையையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். ஆறு பேருக்கு பாலிசி எடுத்துவிட்டுப் பதினாறு பேரை இறக்கினால் அது பாலிசியே இல்லை. விபத்து நடந்து கான்ட்ராக்டர் கைவிரித்தால் வேலை கொடுத்தவரான உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

இருக்கும் லைனில் எங்கள் லைனை இணைக்கும் நாளில், "கம்பத்து ஏபி சுவிட்சைத் திறந்து லைனைத் துண்டித்துவிட்டாலே போதும், எல்சி எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும்" என்கிறார் கான்ட்ராக்டர். அவர் அனுபவசாலி. நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும்?
– அரிசி ஆலை மேலாளர், மன்னார்குடி

குறுக்கே பேசுங்கள். இந்த ஒரு பேச்சுக்காகவே ஆளை மாற்றலாம்.

எல்சி, அதாவது லைன் கிளியர், என்பது துணைமின் நிலையத்தில் அந்த மின்பாதையை (ஃபீடரை) நிறுத்தி, பிரித்து, தரையிணைப்புச் செய்து, குறிப்பிட்ட ஒருவர் பெயருக்கு எழுதித் தரும் அனுமதி. அதை வாங்குகிறவர் மின்வாரியத்தின் அதிகாரம் பெற்ற ஊழியர், கான்ட்ராக்டர் அல்ல. வாங்கியவர்தான் வேலை முடிந்ததும் ஆட்களை இறக்கி, எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவிட்சை மட்டும் திறந்தால் என்ன ஆகும்? மூன்று பிளேடில் ஒன்று சரியாகத் திறக்காமல் நிற்கலாம். கீழே நின்று கைப்பிடியைப் பார்த்தால் திறந்த மாதிரியே தெரியும். சுவிட்சைப் பூட்டவில்லையென்றால் யாராவது மூடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரம் துணைமின் நிலையத்திலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. யாரோ ஒரு கடைக்காரர் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த 400 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி லைனில் 11,000 வோல்ட்டாக வந்து நிற்கும். பக்கத்தில் உயர்அழுத்த லைன் இணையாக ஓடினால் தூண்டு மின்னழுத்தமும் உண்டு.

சரியான வரிசை இதுதான்: எல்சி கையில் வந்தபின், லைனை டெஸ்டரால் சோதித்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வது. பிறகு வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு போடுவது. ராடின் தரைப்பக்கத்தை முதலில் பூமியில் இணைத்துவிட்டு, அப்புறம்தான் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஒரு பக்கம் மட்டும் ராடு போட்டால் மறுபக்கத்திலிருந்து வரும் மின்சாரம் வேலை செய்கிறவர் வழியாகத்தான் போகும். மூன்று பேஸுக்கும் ராடு வேண்டும். கான்ட்ராக்டரிடம் எத்தனை எர்த் ராடு செட் இருக்கிறது என்று வேலைக்கு முன்பே கேட்டு, கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு செட். ஹெல்மெட்டும், இடுப்பு பெல்ட்டுக்குப் பதில் முழு உடல் ஹார்னஸும் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும். பெல்ட் போதாதா என்று கேட்பார்கள். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கும் மனிதரை இறக்குவதற்குள் மூச்சு நின்றுவிடக்கூடும்.

வீட்டு வாசலில் நிற்கும் கம்பத்தைப் பத்தடி தள்ளி நட வேண்டும். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துத் தருகிறேன் என்கிறார்.
– இல்லத்தரசி, கும்பகோணம்

வேண்டவே வேண்டாம் அம்மா. அந்தக் கம்பமும் லைனும் மின்வாரியச் சொத்து. அனுமதியில்லாமல் தொடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். பகுதி அலுவலகத்தில் கம்பம் மாற்றக் கேட்டு மனுக் கொடுங்கள். இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார்கள், பணம் கட்டியதும் அவர்களே மாற்றித் தருவார்கள். புது இடத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வாங்கி வைத்தால் பாதி அலைச்சல் மிச்சம். மாடி கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தாழ்வழுத்த லைன் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 2.5 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். 11 கேவி லைனென்றால் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். கம்பம் சாய்ந்தோ கம்பி தொங்கியோ ஆபத்தாக இருந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம்.

வேலை முடியப்போகிறது. எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது, எவ்வளவு பணம் பிடித்து வைப்பது?
– மனைப்பிரிவு அமைப்பாளர், பல்லடம்

முடிந்தபின் பார்ப்பதை விட நடக்கும்போது பார்ப்பதுதான் அதிகம். மண்ணுக்குள் போனதை அப்புறம் யாரும் காட்ட மாட்டார்கள்.

குழியிலிருந்து தொடங்குவோம். கம்ப நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். 9.14 மீட்டர் கம்பத்துக்கு, அதாவது முப்பது அடிக் கம்பத்துக்கு, ஐந்தடி. கம்பம் படுத்துக் கிடக்கும்போதே அடியிலிருந்து ஐந்தடியில் சிவப்பு பெயின்டில் ஒரு வளையம் போடச் சொல்லுங்கள். நட்டபின் அந்த வளையம் தரைமட்டத்தில் நிற்க வேண்டும். கூலிக்காரர்கள் நான்கடி தோண்டியதும் பாறை என்று சொல்லி நிறுத்துவது வழக்கம். வளையம் வெளியே தெரிந்தால் பேச்சு வேண்டாம், கம்பத்தை எடுக்கச் சொல்லுங்கள். கரிசல் மண்ணிலும் வாய்க்கால் ஓரத்திலும் அடியைச் சுற்றிக் கான்கிரீட் கட்டாயம். அங்கெல்லாம் மழையில் மண் இளகி, வெயிலில் பிளந்து கம்பத்தைப் பிடியிலிருந்து விட்டுவிடும்.

கான்கிரீட் கம்பத்தின் அகலமான முகம் லைனுக்குக் குறுக்காக நிற்க வேண்டும். காற்று கம்பிகளைத் தள்ளுவது அந்தத் திசையில்தான். இறக்கும்போது லாரியிலிருந்து உருட்டிவிட்ட கம்பத்தில் முடிபோல் விரிசல் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். மேல்பரப்பு காய்ந்தபின்னும் விரிசல் மட்டும் ஈரக்கோடாகத் தெரியும். குறுக்கே ஓடும் கோடு இருந்தால் அந்தக் கம்பத்தை ஏற்காதீர்கள். உள்ளே இழுத்து இறுக்கி வைத்திருக்கும் எஃகுக் கம்பிகளில் தண்ணீர் இறங்கித் துருவேறும், அதன்பின் கான்கிரீட் பொருக்கு பொருக்காக உதிரும்.

ஸ்டே குழிக்குக் கான்கிரீட் போட்ட மறுநாளே கம்பி இழுக்க விடாதீர்கள். ஒரு வாரம் ஆறட்டும். அவசரத்தில் இழுத்தால் ஸ்டே ராடு மேலே எழும்பி, முனைக் கம்பம் வளையும்.

கம்பி இழுத்தபின் தொய்வை அளக்க, பெரிய கருவி எதுவும் வேண்டாம். லைன் இன்னும் சார்ஜ் ஆகாமல், எர்த் செய்த நிலையில், கான்ட்ராக்டரின் ஆள் கம்பத்துக்குப் பக்கத்தில் கம்பியை ஒரு காய்ந்த கயிற்றால் சுண்டிவிடட்டும். அலை எதிர்க் கம்பம் வரை ஓடித் திரும்பிவந்து கயிற்றை உதைக்கும். பத்து முறை திரும்பும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுங்கள். அதைப் பத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 0.307ஆல் பெருக்கினால் தொய்வு மீட்டரில் வந்துவிடும். 10.2 வினாடி என்றால் 32 சென்டிமீட்டர். மூன்று பேஸிலும் செய்து பாருங்கள், எஸ்டிமேட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். தரையிலிருந்து உயரமும் அளக்க வேண்டும்: 11 கேவி கம்பி சாலையைக் கடக்கும் இடத்தில் 6.1 மீட்டர், சாலையோரமாகப் போகும் இடத்தில் 5.8 மீட்டர், மற்ற இடங்களில் 4.6 மீட்டருக்குக் குறையக்கூடாது. காலைக் குளிர்ச்சியில் அளந்து திருப்திப்படாதீர்கள், கம்பி அப்போது ஏறியிருக்கும். சாலை கடக்கும் இடைவெளியில் கம்பியில் ஒட்டு இருக்கக்கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் நியூட்ரலுக்கு இரண்டு எர்த் இணைப்பு, உடலுக்கு இரண்டு, இடிதாங்கிக்குத் தனி என்று எண்ணிப் பாருங்கள். எர்த் குழி மூடியபின் மீட்டரில் அளந்து, அளந்த தேதியோடு மதிப்பை எழுதி வாங்குங்கள். செம்புக் கம்பியை அலுமினியத்தோடு நேரடியாகச் சேர்த்திருந்தால் இரு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டாலிக் லக் போடச் சொல்லுங்கள். ஈரம் பட்டதும் அந்த இணைப்பில் அலுமினியம் அரித்துவிடும்.

பணத்துக்கு நாங்கள் சொல்லும் பிரிவு: ஒப்பந்தம் கையெழுத்தானதும் பத்து சதவீதம். பொருள் சைட்டில் இறங்கி, பில்லும் உற்பத்தியாளரின் டெஸ்ட் சான்றும் காட்டி, நீங்கள் சோதித்தபின் பொருள் மதிப்பில் பெரும்பகுதி. கம்பம் நட்டு ஸ்டே போட்டதும் ஒரு தவணை, கம்பி இழுத்ததும் ஒரு தவணை. மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று வந்து, லைன் சார்ஜ் ஆன பிறகுதான் கடைசித் தவணை. அதிலும் மொத்தத்தில் பத்து சதவீதத்தை ஓராண்டுக்குப் பிடித்து வையுங்கள். எந்த மாதத்தில் முடித்தாலும் அந்த ஓராண்டுக்குள் ஓர் ஐப்பசி, கார்த்திகை வந்துவிடும். நன்றாக மிதிக்காத குழி எது என்பதை அந்த மழை காட்டிக்கொடுத்துவிடும். பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவரிடம் பொருள் கடையில் நேரடியாக நீங்களே பணம் கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே பொருளுக்குத்தான் பணம் என்றால் ஒத்துக்கொள்வார்.

கையெழுத்துப் போடும் நாளில் கையில் இருக்க வேண்டிய தாள்கள்: கம்ப எண்களோடு உண்மையில் போட்டபடியான வரைபடம், பொருள் பில்கள், டெஸ்ட் சான்றுகள், எர்த் அளவுகள், மெகர் (இன்சுலேஷன் சோதனை) அளவுகள், ஆய்வாளர் சான்று. பொது லைனை மின்வாரியத்திடம் ஒப்படைத்தால் ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும் வாங்கிவிடுங்கள். அதன் பிறகு அந்த லைனின் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. மீட்டருக்கு உள்பக்கம் உள்ள லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் உங்களுடையவை. அவற்றுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.